ஸ்பீக்கரின்மேல் ஒரு விரல்

எனக்குத் தொண்டை பெரிது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஆவடியில் பாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில், நான் சமையலறையிலிருந்து சாப்பாடு ஆச்சு என்று சொன்னால் எதிர் பிளாக்கில் தட்டு எடுத்து வைத்துவிடுவார்கள் என்று கேலி பேசுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நான் அப்படி இல்லை. கரூரில் என் அம்மா, ஏண்டி வாய்க்குள்ளேயே முனகுறே என்று என்னைத் திட்டாத நாள் கிடையாது. அந்தப் பெண் எப்படி இந்தத் தொண்டைக்காரி ஆனாள் என்று நான் யோசித்ததே இல்லை. குடும்பம் நடத்தினால் குரல் தடிக்கும்போல என்று விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு பாக்டரியில் இன்ஜின் சோதிக்கும் பிரிவில் வேலை. பெரிய பெரிய டீசல் இன்ஜின்களை மேடையில் பூட்டி மணிக்கணக்காக ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அங்கே பேச்சு எடுபடாது, எல்லாம் கை ஜாடைதான். மனிதர் தங்கமானவர். ஒரே ஒரு குறை, எதைச் சொன்னாலும் ‘சரி’ என்று தலையாட்டுவார், சொன்னதைச் செய்ய மாட்டார். சாயங்காலம் வரும்போது காய்கறி வாங்கி வாருங்கள் என்பேன். சரி என்பார். வெறுங்கையோடு வந்து நிற்பார். ஏன் வாங்கவில்லை என்றால் மறந்துபோச்சு என்பார். என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். அடுத்த தடவை இன்னும் சத்தமாகச் சொல்வேன்.

எண்பதுகளின் நடுவில் அவருக்கு இந்த ஹாம் ரேடியோ பைத்தியம் பிடித்தது. பைத்தியம் என்பது என் வார்த்தை, அவர் பொழுதுபோக்கு என்பார். ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் படித்துவிட்டு, வீட்டிலேயே வயர்லெஸ் பெட்டி கட்டி, லைசென்ஸ் வாங்கி, எங்கோ இருக்கிற முகம் தெரியாத மனிதர்களோடு பேசலாம் என்று ஒரு நாள் சொன்னார். வீட்டில் இருக்கிறவளோடே பேசுவதில்லை, இதில் முகம் தெரியாதவர்களோடா என்று கேட்டேன். அதற்கும் சரி என்று தலையாட்டினார்.

லைசென்ஸுக்குப் பரீட்சை உண்டு. ரேடியோ எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தாள். இன்னொன்று மோர்ஸ். அதாவது தந்தி ஆபீஸில் தட்டுவார்களே, அந்தக் குறில் நெடில் சத்தம். ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஒரு தாளம். தாளம் ஒலிக்க ஒலிக்கக் கேட்டு எழுதவேண்டும், பிறகு கையால் தட்டி அனுப்பவேண்டும். ரேடியோ பாடம் அவருக்கு வெல்லம் சாப்பிடுகிற மாதிரி. தட்டுவதிலும் குறை சொல்ல முடியாது, கை அவ்வளவு சீர். கேட்டு எழுதுவதற்கு மட்டும் பழக்கிவிட ஒரு ஆள் வேண்டியிருந்தது. வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான்.

ஒரு சின்ன மரப்பெட்டி, அதில் ஒரு ஸ்பீக்கர், பக்கத்தில் தட்டுகிற சாவி. அவரே செய்தது. தினமும் காலையில் டியூட்டிக்குக் கிளம்புமுன் மேசையில் உட்கார்ந்து நான் தட்டுவேன், அவர் எழுதுவார். அவருக்குத் தட்டுவதற்காகப் படித்த எனக்கு அது நன்றாகவே பிடித்துக்கொண்டது. மாவு ஆட்டும்போதுகூட மனசுக்குள் ‘டாடிட் டிடா’ என்று ஓடும். மகள் ஸ்கூலுக்குத் தலை பின்னிக்கொள்ளும்போது அவள் முதுகில் தட்டுவேன், அவள் நெளிவாள்.

அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒரு எழுத்து விட்டுப்போனால், விட்டுப்போச்சு என்று சொல்ல மாட்டார். எதையாவது எழுதி ரொப்பிவிடுவார். இதற்கென்று மோர்ஸில் ஒரு வழி இருக்கிறது. கேள்விக்குறி தட்டினால் போதும், இன்னொரு தரம் அனுப்பு என்று அர்த்தம். அதில் மானக்கேடு ஒன்றும் கிடையாது, பழம் தின்று கொட்டை போட்டவர்களே தட்டுகிறார்கள். கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன், தெரியவில்லையென்றால் கேள்விக்குறி தட்டுங்கள் என்று. சரி என்று தலையாட்டினார். ஒரு நாளும் தட்டியதில்லை.

பாக்டரி குவார்ட்டர்ஸில் வயர்லெஸ் வைக்க அனுமதி கிடையாது. ராணுவத் தளவாடம் செய்கிற இடம், கேட்கவே வேண்டாம். அதனால் திருமுல்லைவாயிலில் ஒரு வீடு பார்த்து வாடகைக்குப் போனோம். குவார்ட்டர்ஸை விட்டு யாராவது வெளியே போவார்களா? என் வாய்க்குப் பயந்து அக்கம்பக்கத்தார் சேர்ந்து எழுதிப்போட்டுவிட்டார்கள், அதனால்தான் காலி செய்தோம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவரிடம் சொன்னபோது சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் ஒரு காரணம் இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது.

ஹவுஸ் ஓனர் அம்மா அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். நிலத்தில் பாதியை மனை போட்டு விற்றாயிற்று, மீதியில் ஒரு தென்னையும் ஒரு கறவை மாடும். எங்கள் மாடியிலிருந்து அவர்கள் தென்னைக்குச் செப்புக் கம்பி இழுத்துக் கட்டினோம், அதுதான் ஏரியல். அந்தக் கம்பியை என் வீட்டுக்காரர் கடையில் ரசீதோடு வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தார். பாக்டரி கேட்டில் தினமும் பையைத் திறந்து காட்டி வெளியே வருகிறவருக்கு, வீட்டுமேல் செப்புக் கம்பி பளபளவென்று தொங்கினால் எங்கே எடுத்தது என்று எவனாவது கேட்டுவிடுவானோ என்ற பயம். கட்டின மறுநாளே ஓனர் அம்மா அதில் புடவையும் உள்பாவாடையும் காயப்போட்டிருந்தார். கம்பி வயிறு தள்ளித் தொங்கியது. நான் போய்ச் சத்தம் போட, அவர் பதிலுக்குச் சத்தம் போட, கடைசியில் அவருக்குத் தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுத்தோம்.

பரீட்சைக்கு நகரத்தில் ஒரு மத்திய சர்க்கார் ஆபீஸுக்குப் போகவேண்டும். விண்ணப்பம் போடும்போதே, நீயும் சேர்ந்து எழுது, தெரிந்ததுதானே என்று அவர்தான் சொன்னார். விளையாட்டுக்குப் போனேன். நான் பாஸ். அவர் கேட்டு எழுதுவதில் பெயில். அடுத்த தடவை அவர் மட்டும் போனார், மறுபடி பெயில். அந்த ஆபீஸில் மோர்ஸ் பெட்டி அதிகாரியின் மேசையில் இருக்கும், எழுதுகிறவர்கள் தள்ளி பெஞ்சில் இருப்பார்கள். பதட்டம்தான் காரணம் என்று நான் நினைத்தேன். அவரும் ஆமாம் பதட்டம்தான் என்றார்.

என் லைசென்ஸுக்கு போலீஸ் விசாரணை வந்தது. கான்ஸ்டபிள் ஓனர் அம்மாவிடம் எங்களைப் பற்றி விசாரிக்க, அவர், அந்தம்மா கத்துறது தெருக்கோடி வரைக்கும் கேக்கும், அதுக்கு எதுக்கு ஒயர்லெஸ்ஸு என்று கேட்டாராம். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற இடத்திலிருந்தும் ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள் வாங்கிவரச் சொன்னார்கள். அந்தத் தாளுக்காக பாக்டரியில் மேலதிகாரி முன்னால் நின்று பதில் சொல்லிவிட்டு வந்த அன்றைக்கு அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஒருவழியாக லைசென்ஸ் என் பெயருக்கு வந்தது. வயர்லெஸ் பெட்டியைக் கட்டியது முழுக்க அவர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ரிச்சி தெருவில் சுற்றி, உதிரி உதிரியாக வாங்கி, அலுமினியத் தகடு வெட்டி, சால்டரிங் வைத்து, கையைச் சுட்டுக்கொண்டு கட்டினார். ஆனால் சட்டப்படி லைசென்ஸ் உள்ளவள்தான் அனுப்பலாம். எனக்குச் சட்டம் என்றால் சட்டம். ஒரு தடவை ஆசையாகச் சாவிமேல் கை வைத்தார், எடுங்க கையை என்றேன். எடுத்துவிட்டார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த ஹாம்காரர்களிடம் ஒரு வழக்கம். ஒருவருக்கொருவர் தொடர்பு கிடைத்ததும் முதலில் சொல்லிக்கொள்வது வணக்கமோ நலமா என்றோ இல்லை. நீ எனக்கு எப்படிக் கேட்கிறாய் என்பதுதான் முதல் சேதி. அதற்கு எண்கள் இருக்கின்றன. நன்றாகக் கேட்டால் பெரிய எண், தேய்ந்து கேட்டால் சின்ன எண். முக்கால்வாசிப் பேர் அரைகுறையாகக் கேட்டாலும் மரியாதைக்காகப் பெரிய எண்ணையே தட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான். விஜயவாடாவிலிருந்து ஒருவர், கொழும்பிலிருந்து ஒருவர், எல்லோரும் உங்கள் சிக்னல் பிரமாதம் என்பார்கள். பெட்டி என் வீட்டுக்காரர் கட்டியது என்று தட்டுவேன். அதை நான் தட்டும்போது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த மனிதரும் ஒரு நாள் தன் பெயரில் தட்டவேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. மூன்றாம் முறை பரீட்சைக்கு நான்தான் விண்ணப்பத்தை எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.

மறுபடி காலைப் பயிற்சி. ஒரு நாள் ஓனர் அம்மா வாசலில் வந்து நின்றார்.

“இன்னாம்மா, பொழுது விடியறதுக்குள்ள உங்க ஊட்ல கீச்சு கீச்சுனு இன்னாத்தையோ கத்த உட்டுகினு கீறீங்க. மாடு மெரளுது, பால் கறக்க உட மாட்டேங்குது.”

மாடு மிரளுகிறது என்றால் என்ன செய்வது? அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் பயிற்சிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். மேசை அதிராமல் சத்தம் அடங்கியது. ஆனால் எனக்குத் தெளிவாகவே கேட்டது, ஒரு எழுத்துகூட மங்கவில்லை.

அன்றிலிருந்து அவர் எழுதியது எல்லாம் குப்பை. முந்தின வாரம் வரை தட்டுத்தடுமாறி முக்கால்வாசி எடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு வார்த்தை சரியாக எழுதவில்லை. கண்டபடி எழுதி ரொப்பியிருந்தார். எனக்குக் கோபம் மூக்குக்குமேல் வந்தது. வேண்டுமென்றே செய்கிறீர்களா என்று கத்தினேன். அப்போதுதான் அவருடைய இடது கையைப் பார்த்தேன். எப்போதும் மேசைமேல் விரித்து வைத்திருப்பார், அது அவர் உட்காருகிற தோரணை என்று நினைத்திருந்தேன். இப்போது அந்தக் கை மேசைமேல் அங்கும் இங்கும் தடவிக்கொண்டிருந்தது. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற கை.

ஜமுக்காளத்தை உருவினேன். பழைய வாக்கியத்தையே தட்டினேன். ஓரளவு சரியாக எழுதினார். மறுபடி ஜமுக்காளத்தை வைத்தேன். குப்பை. பெட்டியை நிறுத்திவிட்டேன். மேசைக்கு அடியில், அவர் கை இருக்கிற இடத்துக்கு நேர் கீழே, என் விரலால் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தேன், குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு ஒரு இழுப்பு. சத்தம் எனக்கே கேட்கவில்லை. தமிழ் வார்த்தைகளைத்தான் ஆங்கில எழுத்தில் தட்டினேன். உங்களுக்குக் காது கேட்கிறதா என்று.

அவர் பென்சிலை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டே போனார். ஒரு எழுத்தும் விடவில்லை. எழுதி முடித்துவிட்டு, தான் எழுதியதைத் தானே படித்தார். பென்சில் அப்படியே நின்றுவிட்டது.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “கொஞ்சம் கொறைச்சல்தான்” என்றார்.

“கொஞ்சமா?” என்று கேட்டேன்.

“உன் குரல் மட்டும் நல்லாக் கேக்கும்.”

நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அழுகை வந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது. எத்தனை வருஷம் இந்தத் தொண்டையைக் கொண்டு அந்த மனிதருக்குள் நுழைந்துகொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். என் வாய்க்குப் பயந்து விரட்டினார்கள் என்ற பேச்சுக்கு அவர் ஏன் சிரித்தார் என்று புரிந்தது. திரும்பி வந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பிடிபிடியென்று பிடித்தேன். அழுதாலும் எனக்குத் திட்ட வரும்.

அன்றைக்கு அவர் டியூட்டிக்கு லீவு போட்டார். எல்லாம் சொன்னார். இன்ஜின் சத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதாம். கீச்சென்ற சத்தம் முதலில் போனது, பிறகு பேச்சில் பாதி போனது. வருஷா வருஷம் பாக்டரியில் மருத்துவப் பரிசோதனை உண்டு. டாக்டர் வாயைப் பார்த்தே பதில் சொல்லித் தப்பித்திருக்கிறார். தெரிந்தால் இன்ஜின் மேடையிலிருந்து எடுத்து, ஸ்டோரில் பொருள் எண்ணுகிற லேசான வேலைக்குப் போட்டுவிடுவார்கள். அந்தப் பிரிவில் அவர் கை வைத்து ஓகே சொன்னால்தான் இன்ஜின் வெளியே போகும். அந்த இடத்தை விட்டு, பாவம் காது போன ஆள் என்று ஒரு ஓரத்தில் உட்காருவதைவிடச் சாவது மேல் என்றார். அப்படிப்பட்ட நீங்கள் எதற்கு, கேட்டே ஆகவேண்டிய இந்தப் பொழுதுபோக்கில் போய் மாட்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். இது ஒன்றாவது கேட்கும் என்று நினைத்தாராம். மனிதர்கள் பேசுவதில் எல்லாம் கலந்து வருகிறது, மோர்ஸில் சத்தம் இருக்கு, சத்தம் இல்லை, இரண்டுதான் என்றார்.

வழி அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்பீக்கரின் காகிதத்தில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள் என்றேன். பெட்டியில் சத்தத்தின் சுருதியை மாற்ற ஒரு திருகு இருந்தது. அதைத் திருகிக் கீச்சைக் குறைத்துத் தடியாக்கினேன். விரல் வைத்தார். தட்டினேன். மழை மாதிரி எழுதினார். நான் வேகத்தைக் கூட்டக் கூட்ட விடாமல் எழுதினார். மகள் வந்து எட்டிப் பார்த்து, அப்பா பாஸ் என்றாள்.

ஆனால் பரீட்சை ஆபீஸில் பெட்டி அதிகாரியின் மேசையில் அல்லவா இருக்கிறது. அதன்மேல் விரல் வைக்கவேண்டுமென்றால் கேட்கவேண்டும். கேட்டால் ஏன் என்பார்கள். காரணம் சொல்லவேண்டும். அங்கேதான் அவர் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். இதுவும் சென்ட்ரல் கவர்ன்மென்ட், பாக்டரியும் சென்ட்ரல் கவர்ன்மென்ட், எல்லாம் ஒரே ஃபைல்தான், இங்கே சொன்னால் அங்கே போய்ச் சேரும் என்பது அவர் கட்சி. அதெப்படிப் போகும், வயர்லெஸ் ஆபீஸுக்கும் உங்கள் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் வாதாடினேன். என் லைசென்ஸுக்கே பாக்டரியிலிருந்து தாள் கேட்டார்களே என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்குமேல் வற்புறுத்தப் பயமாக இருந்தது. போவது அவருடைய வேலை, அவருடைய மரியாதை. உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். நான் அப்படி விட்டது அதுவரை கிடையாது.

பரீட்சை அன்றைக்கு நானும் கூடப் போனேன். அவரை உள்ளே அனுப்பிவிட்டு வெராந்தாவில் ஜன்னலோரமாக நின்றேன். பெஞ்சில் ஏழெட்டுப் பேர், எல்லாம் காலேஜ் வயசுப் பையன்கள். இவர் கடைசி வரிசை. அதிகாரி கொஞ்சம் வயசானவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பெட்டியைப் போட்டுச் சரிபார்த்தார். ஊசி மாதிரி கீச்சென்று ஒரு சத்தம். இவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றுமே எட்டவில்லை என்று தெரிந்தது. எல்லோரும் ரெடியா என்று அதிகாரி கேட்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். இவரும் தலையாட்டினார்.

போச்சு என்று நினைத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கிருக்கிற தொண்டைக்கு அங்கிருந்தே நான் சொல்லியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அதிகாரி சாவியில் கை வைக்கப் போனார். அப்போது இவர் எழுந்தார்.

“சார், எனக்குக் காது சரியாக் கேக்காது. பெட்டி மேல விரல் வெச்சா எழுதிடுவேன்.”

தன் குரல் எவ்வளவு என்று தெரியாததால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார். பையன்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கழுத்துவரை சிவந்துபோய் நின்றுகொண்டிருந்தார். அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். எங்கே வேலை என்று கேட்கப்போகிறார், இவர் ஓடிவரப்போகிறார் என்று பயந்தேன்.

“எதால கேட்டா என்ன, எழுதினாப் போதும். நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்குங்க” என்றார் அதிகாரி.

இவர் முன்னால் போய் உட்கார்ந்து விரலை வைத்தார். அதிகாரி ஒரு எழுத்துத் தட்டிப் பார்த்தார், இவர் நெற்றியைச் சுருக்கினார். உடனே அவராகவே திருகைத் திருப்பிச் சத்தத்தைத் தடியாக்கினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருப்பி, இவர் முகம் தெளிந்ததும் நிறுத்தினார். மாடு கத்துவது மாதிரி ஒரு சத்தம். பையன் ஒருவன் சிரித்தான். அந்தச் சத்தத்திலேயே எல்லோருக்கும் பரீட்சை நடந்தது. அந்த மனிதர் எந்த ஊரோ யாரோ, நன்றாக இருக்கவேண்டும்.

வெராந்தாவில் நின்று நானும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். முடிவு தபாலில்தான் வரும், ஆனால் அதுவரை பொறுக்க என்னால் ஆகுமா? ரயிலில் உட்கார்ந்ததும், என்ன எழுதினீர்கள், சொல்லுங்கள் என்றேன். அவர் வரிசையாகச் சொன்னார், நான் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வில்லிவாக்கம் தாண்டும்போது இரண்டும் முடிந்தது. ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதுகூட நீதான் தப்பாக எழுதியிருப்பாய் என்றார். அது எப்படி என்று சண்டை பிடித்தேன். அம்பத்தூர் வரை சண்டை பிடித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் சண்டை போட்டதே இல்லை.

அந்த வருஷ மருத்துவப் பரிசோதனையில் அவராகவே சொல்லிவிட்டார். ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னவருக்கு இரண்டாம் தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை போலிருக்கிறது. அவர் பயந்தது நடந்தது. இன்ஜின் மேடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் ஸ்டோரில் போடவில்லை, உதிரி பாகங்களை அளந்து பார்க்கிற பிரிவில் போட்டார்கள். ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டில் உப்பு இல்லை, புளி இல்லை என்று என்மேல் பாய்ந்தார். போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். பிறகு அங்கேயும் ஆட்கள் வந்து கேட்டுப்போக ஆரம்பித்ததும் சரியாகிவிட்டார்.

லைசென்ஸ் வர ரொம்ப நாள் பிடித்தது. வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தார். ரேடியோவுக்கு எதற்கு வெள்ளைச் சட்டை என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்தால் அவர் என் முகத்தையே பார்ப்பார் என்று அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். கதவு திறந்தே இருந்தது, ஸ்பீக்கர் சத்தம் நன்றாகக் கேட்டது. அவர் தட்ட ஆரம்பித்தார். யாராவது இருக்கிறீர்களா, யாராவது இருக்கிறீர்களா என்று பொதுவாகக் கூப்பிடுகிற அழைப்பு. பிறகு தன் புது அடையாள எழுத்துகள். முதல் முறையாக அந்த எழுத்துகள் எங்கள் தென்னை மரத்துக் கம்பியிலிருந்து வெளியே போயின.

பதில் இல்லை. இரைச்சல்தான். மறுபடி கூப்பிட்டார். இரைச்சல். மறுபடி. அப்புறம், இரைச்சலுக்கு அடியில், நூல் மாதிரி மெலிசாக ஒரு சிக்னல். யாரோ தூரத்திலிருந்து அவருடைய எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்டது. கத்தி கையில் அப்படியே நின்றது. உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். இரைச்சலிலும் ஸ்பீக்கர் அதிரத்தானே செய்யும், அதற்குள் இவ்வளவு மெலிசான ஒன்று அவர் விரலுக்கு எப்படித் தெரியும்? சிக்னல் ஓய்ந்தது. பெட்டி வெறுமனே இரைந்துகொண்டிருந்தது. அவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

சரி, வழக்கம்போலத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லையென்றால் குத்துமதிப்பாக எதையாவது தட்டிவிடுவார், நன்றாகக் கேட்கிறது என்று பெரிய எண்ணைச் சொல்லிவிடுவார், அந்த ஆள் குழம்பிப் போய்விடுவான் என்று நினைத்தேன்.

சாவி சத்தம் கேட்டது. நிதானமாக, சீராக, அவருடைய கை. ‘டிடிடாடாடிடிட்.’ கேள்விக்குறி. கொஞ்சம் விட்டு, மறுபடி ஒரு கேள்விக்குறி.

கல்யாணமான நாளிலிருந்து என்னிடமோ என் அம்மாவிடமோ கடைக்காரரிடமோ, சரியாக் கேக்கலை, இன்னொரு தரம் சொல்லுங்க என்று அந்த மனிதர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். தூரத்தில் இருந்தவர், யாரோ, அவசரமே இல்லாமல் இன்னொரு தரம் சொன்னார்.